எயார்லைன்ஸுக்கு எங்கட வரிக்காசு குடுக்கலாமா? எயார்போர்ட் வரியா எடுக்கிற அறுபது டொலர் எங்க போகுது?

கேள்வி: கல்முனை வாசகர், 24 பெப்ரவரி 2025

இந்த வருச வரவு செலவுத் திட்டத்தில ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின்ட பழைய கடனுக்கெண்டு 20 பில்லியன் ரூபா ஒதுக்கியிருக்கு. என்னைக் கேட்டா ஒரு சதமும் குடுக்கக் கூடாது. பிளேனில போறவன் காசுள்ளவன், அவன்ட செலவை அவன் பார்த்துக்கொள்ளட்டும். நாங்க கட்டுற வரி ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகட்டும். மற்றாக்கள் என்ன சொல்லுறீங்க?

24 பெப்ரவரி, இரவு

“பிளேனில போறவன் காசுள்ளவன்” எண்டு எழுதியிருக்கிறீங்க தம்பி. அந்த ஒரு வசனத்துக்காகத்தான் எழுத வந்தன். கடன் கதைக்குப் பிறகு வாறன்.

நான் பதினொரு வருசமா மட்டக்களப்பில இருந்து கட்டுநாயக்கா எயார்போர்ட்டுக்கு வேன் ஓடுறன். ஏறாவூர், செங்கலடி, கிரான், வாழைச்சேனை, ஓட்டமாவடி, இவ்வளவும் என்ட வழி. சில நாள் காத்தான்குடி, களுவாஞ்சிக்குடிப் பக்கமும் போய் ஆக்களை ஏத்துவன். என்ட வேனில ஏறுறவங்களில பத்துப் பேருக்கு ஏழு பேர் குவைத், சவூதி, கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போற பொம்பிளையள். மிச்சத்தில அரைவாசி கட்டட வேலைக்குப் போற பொடியன்மார். இவங்களில காசுள்ளவர் எண்டு ஒருத்தரையும் காட்ட ஏலாது. போறதுக்கே கடன் வாங்கித்தான் போறாங்க.

போன கிழமை ஏறாவூர்த் தாத்தா ஒருத்தரை ஏத்திப் போனன். தாத்தா எண்டா எங்கட பக்கத்து முஸ்லிம் ஆக்கள் அக்காவைச் சொல்லுறது. முதல் பயணம். ஹபரணையில ராத்திரி ஒண்டரைக்குத் தேத்தண்ணிக்கு நிப்பாட்டின இடத்தில, மற்றாக்கள் இறங்கிட்டாங்க, அவ இறங்கல்ல. ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்ள பாஸ்போர்ட், ரிக்கெட், ஒப்பந்தத் தாள் எல்லாம் மடிச்சு வச்சிருந்தவ. “தம்பி, எல்லாம் சரியா இரிக்கா எண்டு ஒருக்காப் பாருங்க” எண்டு நீட்டினா. வேன் லைற்றைப் போட்டு வாசிச்சுக் காட்டினன். பெயர், பாஸ்போர்ட் இலக்கம், கொண்டு போகக்கூடிய நிறை. கீழ, பயணக் கட்டணம் ஒரு வரி, வரிகள் எண்டு இன்னொரு வரி. அவ அந்த ரெண்டாவது வரியில விரலை வச்சு “இது என்னத்துக்கு?” எண்டு கேட்டா. “அது எயார்போர்ட்டுக்கு” எண்டன். “எயார்போர்ட்டுக்கு நான் ஏன் குடுக்க?”

நான் சொல்லத் தெரியாமல் லைற்றை நூத்திட்டன். அவட பையில நெத்தலிக் கருவாடும் கொச்சிக்காய்த் தூளும் கடைசி மகன்ட பள்ளிக்கூடப் படமும் இருந்தது.

25 பெப்ரவரி, காலை

கணக்கை நேரா வைக்கிறன். கட்டுநாயக்காவில இருந்து புறப்படுற பயணி ஒருத்தருக்கு 60 டொலர் வரி. ரிக்கெட்டுக்குள்ளேயே போட்டு எடுத்திடுவாங்க, அதனால கண்ணுக்குத் தெரியாது. ஒரு டொலர் 300 ரூபா எண்டு வச்சா 18,000 ரூபா. லண்டனுக்கு வியாபார வகுப்பில போறவருக்கும் 60, அந்தத் தாத்தாவுக்கும் 60.

27 பெப்ரவரி

இப்ப கடன் கதை. 2022 மே 16 அன்று அப்பத்தைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க நாட்டுக்கு ஆற்றின உரை கனபேருக்கு ஞாபகம் இருக்கும், பெற்றோல் ஒரு நாளுக்குத்தான் இருக்கு எண்டு சொன்ன உரை. நான் அண்டைக்கு ஊறணி பெற்றோல் செட் வரிசையில ரெண்டாவது ராத்திரி வேனுக்குள்ள படுத்துக் கிடந்து போனில கேட்டன். அதில ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின்ட 2020-21 நட்டம் மட்டும் 45 பில்லியன் ரூபா எண்டும், 2021 மார்ச் 31 வரைக்கும் சேர்ந்த நட்டம் 372 பில்லியன் எண்டும் சொன்னார். தனியாருக்குக் குடுத்தாலும் இந்த நட்டத்தை நாங்கதான் சுமக்க வேணும், வாழ்நாளில விமானத்தில கால் வைக்காத ஏழையும் சுமக்க வேணும் எண்டும் சொன்னார்.

அது உண்மை. சவுக்காரம் வாங்கினாலும் போன் காட் போட்டாலும் 18 வீதம் வற் போகுது. வவுணதீவில மாடு மேய்க்கிற என்ட மாமாவும் அந்த நட்டத்தைக் கட்டுறார். ஆனா அந்தப் பேச்சில ஒண்டு விடுபட்டுப் போச்சு. எங்கட பக்கத்து ஏழை விமானத்தில கால் வைக்காதவர் இல்ல. அவர் அதில ஏறித்தான் உழைக்கப் போறார். அதால அவருக்கு ரெண்டு பக்கமும் வெட்டு: கடைக்குப் போனா எயார்லைன்ஸ் கடன், எயார்போர்ட்டுக்குப் போனா 60 டொலர்.

27 பெப்ரவரி, பின்னேரம்

ஒரு சேர்ப்பு. நட்டம் தானா வந்ததில்ல. 1979இல எயார் லங்காவாத் தொடங்கினது. 1998இல எமிரேட்ஸ் பங்கு வாங்கி நிர்வாகத்தையும் எடுத்தது. 2007 கடைசியில லண்டனில இருந்து வந்த ஒரு விமானத்தில ஜனாதிபதியின்ட குழுவுக்காக, காசு கட்டின பயணிகளை இறக்க மாட்டம் எண்டு நிறுவனம் நிண்டதால, தலைமை அதிகாரியின்ட வேலை விசாவை ரத்துச் செய்தாங்க. 2008இல எமிரேட்ஸ் நிர்வாகத்தை விட்டுட்டுப் போனது. 2010இல அவங்கட பங்கை அரசாங்கம் 53 மில்லியன் டொலருக்குத் திருப்பி வாங்கினது. 2013இல எயார்பஸ்ஸிட்ட பெரிய விமானங்கள் கேட்டு ஒப்பந்தம், பிறகு ஏ350 குத்தகைகளை ரத்துச் செய்ததுக்கு மட்டும் 98 மில்லியன் டொலர் தண்டம். 2020 ஜனவரியில பிரித்தானிய நீதிமன்றத்தில எயார்பஸ் ஒத்துக்கொண்ட லஞ்ச விவரங்களில இந்த நிறுவனத்தின்ட பெயரும் இருந்தது. இடையில 2007இல மிஹின் லங்கா எண்டு இன்னொண்டு தொடங்கி, 2016இல அதையும் மூடி, சுமையை இதுக்குள்ள கொட்டினாங்க.

98 மில்லியன் டொலர் எண்டா பதினாறு லட்சத்துக்கும் மேல ஆக்கள் கட்டுற 60 டொலர்.

2 மார்ச்

அக்கரைப்பற்றில இருந்து ஒரு சேர் நீளமா எழுதியிருக்கிறார்: “நாட்டுக்கெண்டு ஒரு விமான சேவை வேணும், கொவிட் காலத்தில வேற ஆர் வந்தது?” இதைத் தட்டிவிட்டுட்டுப் போக எனக்கு மனமில்ல.

2020இல என்ட சின்னம்மாட மகள் குவைத்தில மாட்டுப்பட்டா. வேலை செய்த வீட்டில சம்பளம் நிண்டுட்டுது, வெளியால வரவும் ஏலாது. ராத்திரி ராத்திரியா வொய்ஸ் போடுவா. கடைசியில திருப்பிக் கூட்டி வாற விமானம் ஒண்டில வந்து, தனிமைப்படுத்தல் முடிஞ்சு, நான்தான் போய் ஏத்திக்கொண்டு வந்தன். அண்டைக்கு அந்த வால்ச் சிறகில ஸ்ரீலங்கனின்ட மயில் அடையாளத்தைப் பார்க்கக்குள்ள எனக்கும் கண் கலங்கினதுதான். அந்த விமானத்துக்கும் அவங்களிட்ட ரிக்கெட் காசு வாங்கினதுதான் எண்டதையும் சொல்ல வேணும். வளையலை அடகு வச்சுத்தான் அனுப்பினம்.

உதவி செய்யவே கூடாது எண்டு நான் சொல்லல்ல. ஜேர்மனி 2020இல லுப்தான்சாவுக்கு 9 பில்லியன் யூரோ ஏற்பாடு செய்தது. சும்மா குடுக்கல்ல, 20 வீதப் பங்கை அரசாங்கத்தின்ட பெயருக்கு எழுதி வாங்கினது. 2022இல அந்தப் பங்கை வித்து, போட்டதை விடக் கூடவே எடுத்துக்கொண்டு வெளியேறினது. பணம் போன வழியும் தெரியும், திரும்பி வந்த வழியும் தெரியும். எங்கட 372 பில்லியனுக்கு அப்பிடி ஒரு வாசல் எங்க?

3 மார்ச்

சேர், நீங்க சொன்ன “நாட்டின்ட மானம்” எண்ட கதைக்கு மட்டும் நான் உடன்பாடில்ல. கூட்டிக்கொண்டு வந்ததுக்கு நன்றி சொல்லுவன். மானத்துக்கெண்டு 372 பில்லியன் குடுக்க மாட்டன்.

9 மார்ச்

பிழை ஒண்டைத் திருத்துறன். ஏறாவூர்த் தாத்தாவிட்ட “அது எயார்போர்ட்டுக்கு” எண்டு சொன்னன் எல்லா, அது முழுக்கச் சரியில்ல. பொத்துவிலில தங்குவிடுதி நடத்துற ஒரு காக்கா, முஸ்லிம் அண்ணன் ஒருத்தர், தனியா எழுதிக் காட்டினார். 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின்படி, இந்தப் புறப்படும் வரியில மூண்டில் ஒரு பங்கு சுற்றுலா அபிவிருத்தி நிதியத்துக்குப் போக வேணும். நாட்டை வெளியில விளம்பரம் பண்ணுறதுக்கும் சுற்றுலாத் துறையை வளர்க்கிறதுக்கும் உள்ள நிதி அது.

அப்ப 60இல 20 டொலர். ஆறாயிரம் ரூபா. குவைத்துக்குத் துணி துவைக்கப் போற பொம்பிளையிட்ட எடுத்து, வெள்ளைக்காரருக்கு எங்கட கடலைக் காட்டுறம்.

காக்காவுக்கு இதில கோபம் வரல்ல, கவலைதான். அறுகம்பைக்குச் சித்திரையில இருந்து புரட்டாதி வரைக்கும் அலைச்சறுக்கு விளையாட வாறாங்க, அதில பொத்துவில் முழுக்கப் பிழைக்குது, அந்த விளம்பரத்தால தனக்கும் நாலு பேர் வந்திருப்பாங்க எண்டு சொல்லுறார். “ஆனா மச்சான், அவட காசில எண்டு எனக்குத் தெரியாது” எண்டார். எனக்கும் இவ்வளவு நாளும் தெரியாது. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல ஆக்களை ஏத்தி இறக்கிற எனக்கே தெரியாது எண்டா, கட்டுறவங்களுக்கு எப்பிடித் தெரியும்?

15 மார்ச்

திமிலைதீவு. இதைக் கதைக்காமல் மட்டக்களப்பான் ஒருத்தன் விமானக் கதை கதைக்க ஏலாது.

புதூர்ப் பக்கத்தால போனா வாவி ஓரத்தில கிடக்கிற எங்கட விமான நிலையம் 1958இல திறந்தது. 1983இல விமானப்படைக்குப் போனது. நான் சின்னப் பொடியனா இருக்கக்குள்ள அந்த வேலி எங்களுக்கு முடிவெல்லை. ஹெலி இறங்கினா அம்மா எங்களை வீட்டுக்குள்ள இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்துவா. 2018 மார்ச்சில பொதுமக்கள் சேவைக்குத் திறந்தாங்க. அண்டைக்குப் பின்னேரம் என்ட மகனைத் தோளில வச்சுக்கொண்டு வேலியோரமாப் போய் நிண்டன். ஒளியாமல் நிண்டு விமானத்தைப் பார்க்கிறது எனக்கு அதுதான் முதல் தரம்.

இப்ப அங்க வாறது சினமன் எயாரின்ட எட்டுப் பேர் இருக்கிற செஸ்னா. ஊராக்கள் ஏறக்கூடிய விலையில்ல, சுற்றுலா வாறவங்களுக்கு உள்ளது. ஓடுபாதையின்ட நீளம் எயார்பஸ் 320 மாதிரி விமானங்களுக்குப் போதாது. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில திறந்து, நவம்பரில அலையன்ஸ் எயார் சென்னையில இருந்து வந்தது. கொவிட்டோட நிண்டு 2022 டிசம்பரில திரும்பத் தொடங்கினது. போன வருசம் செப்டெம்பரில இண்டிகோவும் வந்திட்டுது. யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைச்சதில எனக்குச் சந்தோசம்தான். எங்களுக்கும் கிடைக்க வேணும் எண்ட ஆசையும் இருக்கு. வேலூருக்கு வைத்தியத்துக்குப் போற நோயாளிகளையும் நான்தான் ஏழு மணித்தியாலம் குலுக்கிக் குலுக்கிக் கட்டுநாயக்காவுக்குக் கொண்டு போறன். ஒரு தரம் ஒரு ஐயா குருநாகலில “இனி ஏலாது மனே, திருப்பு” எண்டார். அதனால எழுதுறன்: மட்டக்களப்பு - சென்னைக்கு ஒரு சின்ன விமானம் விடுறதுக்கு அரசாங்கம் உதவிப்பணம் குடுத்தா நான் எதிர்க்க மாட்டன். என்ட வேன் உழைப்புக் குறைஞ்சாலும் எதிர்க்க மாட்டன்.

16 மார்ச்

மேல எழுதினதைத் திரும்ப வாசிச்சன். ஆசையில எழுதியிருக்கிறன். மத்தளையை மறந்திட்டன்.

தெற்கில அம்பாந்தோட்டைப் பக்கம் இருக்கிற மத்தளை விமான நிலையம் 2013 மார்ச்சில திறந்தது. செலவு 209 மில்லியன் டொலர், அதில 190 மில்லியன் சீனாவின்ட எக்சிம் வங்கிக் கடன். வருசத்துக்குப் பத்து லட்சம் பயணிகளுக்கெண்டு கட்டினது. 2015இல ஸ்ரீலங்கனே அங்க போறதை நிப்பாட்டினது. அதே வருசம் அங்க இருந்த களஞ்சியங்களில நெல்லு அடுக்கினாங்க. அந்தப் படம் பேப்பரில வந்த நேரம் எங்கட வட்டையில அறுவடை நெல்லைப் போட இடமில்லாமல் ரோட்டோரத்தில தறப்பாள் விரிச்சுக் காயப்போட்டவங்க நாங்க. அண்ணன் அந்தப் பேப்பரை மடிச்சு வச்சிட்டு ஒண்டும் பேசல்ல. கடன் வாங்கிக் கட்டினதும் எங்கட காசு, நெல்லும் எங்கட நெல்லு. ரெண்டுக்கும் நடுவில நிண்டு முடிவெடுத்தவங்களுக்கு மட்டும் ஒரு பாதிப்பும் இல்ல.

திமிலைதீவு இன்னொரு மத்தளையா வந்திடக் கூடாது.

16 மார்ச், இரவு

“விமானத்தை விடுங்க, ரெயினைப் பாருங்க” எண்டு வாழைச்சேனைத் தங்கச்சி ஒருத்தி எழுதியிருக்கிறா. சரியான குத்து. கொழும்புக்குப் போக எங்கட சனம் நம்பியிருக்கிறது உதய தேவியையும் ராத்திரி ரெயினையும்தான். இருக்கையில்லாமல் நிண்டுகொண்டே போறவங்க எத்தினை பேர். போன மாசம் 20ஆம் திகதி விடியப்பறம் மட்டக்களப்பு ரெயின் ஹபரணைப் பக்கம் யானைக் கூட்டத்தில மோதி ஆறு யானை செத்துப்போச்சு. அந்தக் காட்டு ரோட்டால ராத்திரியில போறவன் நான், யானை நடுவில நிண்டா லைற்றைக் குறைச்சுப்போட்டு அரை மணித்தியாலம் பொறுத்திருப்பன். தண்டவாளத்தில வாற ரெயினுக்கு அந்த வசதியில்ல.

அந்த 20 பில்லியனில ஒரு துண்டு இந்தப் பாதைக்கு வந்தா, எட்டுப் பேரில்ல, ஒரு ராத்திரிக்கு நூற்றுக்கணக்கில நல்லா இருப்பாங்க. தங்கச்சிக்குப் பதில் சொல்ல என்னட்ட ஒண்டுமில்ல. ஒத்துக்கொள்ளுறன்.

29 மார்ச்

இந்தியாவில உடான் எண்டொரு திட்டம் 2016இல கொண்டு வந்தாங்க. சின்ன ஊர்களுக்குப் பறக்கிற விமானங்களில அரைவாசி இருக்கைக்கு விலை உச்சவரம்பு, ஒரு மணித்தியாலப் பறப்புக்கு 2,500 இந்திய ரூபா. நட்டத்தை மூண்டு வருசத்துக்கு அரசாங்கம் நிரப்பும். காசு வாறது பெரிய நகரங்களுக்கு இடையில பறக்கிற விமானங்களிட்ட எடுக்கிற அறவீட்டில இருந்து. இது எனக்குப் பிடிச்சது. டில்லி - மும்பை போறவரிட்ட எடுத்துச் சின்ன ஊருக்குப் போறவருக்குக் குடுக்கிறாங்க. எங்கட பக்கம் தலைகீழ்: ஓட்டமாவடிக்காரியிட்ட எடுத்துப் பெரிய நிறுவனத்துக்கு.

ரெண்டு நாள் இதையே எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சன். பிறகு என்ட மருமகன் இந்தியக் கணக்காய்வாளர் 2023இல குடுத்த அறிக்கையைக் காட்டினான். முதல் மூண்டு கட்டத்தில குடுத்த 774 வழியில 403 தொடங்கவே இல்ல. மூண்டு வருசம் தாண்டியும் நிண்டது 54.

எனக்கு மனம் விட்டுப்போச்சு. உதவிப்பணம் நிண்ட உடனே விமானமும் நிக்கும் எண்டா, வேலூர் ஐயாக்கு மூண்டு வருசத்துக்கு ஆசை காட்டிப்போட்டுத் திரும்பவும் என்ட வேனுக்கே அனுப்புறதா?

30 மார்ச்

ராத்திரி ஓடிக்கொண்டே யோசிச்சன். 774இல 54 எண்டது தோல்விதான். ஆனா அந்தக் கணக்கு ஒருத்தர் கேட்டு, எண்ணி, எழுதி, பாராளுமன்றத்தில வச்ச கணக்கு. வழிக்கு வழி பெயரோட இருக்கு. மூண்டு வருசத்தோட நிக்கும் எண்ட வரம்பும் இருக்கு, ஓடாட்டிக் காசும் நிக்குது. நிறுவனத்தின்ட கடனைத் தூக்கிறதில அப்பிடி ஒரு முடிவு நாள் இல்ல. ஸ்ரீலங்கன் கடன் வாங்கப் போட்ட 175 மில்லியன் டொலர் பிணைமுறிக்கு, அதாவது கடன் பத்திரத்துக்கு, அரசாங்கம் உத்தரவாதம் போட்டது, 2024 ஜூனில தவணை, நிறுவனத்தால கட்ட ஏலாமல் போச்சு.

12 ஏப்ரல்

வருசத்துக்கு வாற ஆக்களை ஏத்தப் போய் இண்டைக்குத்தான் வீட்ட வந்தன். பலகாரம் சுடுற எண்ணெய் வாசத்துக்குள்ள இருந்து எழுதுறன், சுருக்கமா.

ஒரு நிறுவனத்தின்ட விமானம், பெயர் வேண்டாம், பதினாலு மணித்தியாலம் பிந்திட்டுது. வெளியில நான் காத்திருந்தன். வெளிக்கிடுற பக்கம் அதே விமானத்துக்கு நிண்ட பொம்பிளையள் சுவர் ஓரத்தில துணி விரிச்சு இருந்தாங்க. ஒருத்தி முலைப்பால் கட்டிப்போய் அழுதுகொண்டிருந்தா, எட்டு மாசக் குழந்தையைத் தாயிட்ட விட்டுட்டு வந்தவ. கூட வந்த கிழவி சுடுதண்ணி தேடித் திரிஞ்சா. கடையில வாங்குற விலையில்ல. நான் வேனுக்குள்ள இருந்த பிளாஸ்க்கைக் குடுத்தன்.

அந்த வரிசையில முப்பது பேராவது இருந்திருப்பாங்க. முப்பது தர அறுபது. ஒரு சுடுதண்ணிக் குழாயும் ஒரு மறைவான கதிரையும் இந்தக் காசுக்குள்ள அடங்காதா?

4 மே

கல்முனைத் தம்பி திரும்ப வந்து “அப்ப முடிவா என்ன சொல்லுறீங்க அண்ணே, குடுக்கலாமா கூடாதா?” எண்டு கேட்டிருக்கிறார்.

நிறுவனத்துக்குக் குடுக்கக் கூடாது. அதில உங்களோட நிக்கிறன். பழைய கடனுக்கு உத்தரவாதம் போட்டாச்சு, அதைக் கட்டாமல் தப்ப ஏலாது எண்டதும் விளங்குது. புதுசா ஒண்டும் எழுதிக் குடுக்க வேண்டாம்.

இருக்கைக்குக் குடுக்கலாம், வழிக்குக் குடுக்கலாம். ஆர் குறைவாக் கேக்கிறாங்களோ அவங்களுக்கு, ஆண்டு எழுதி, ஓடினாத்தான் காசு எண்டு. ஆனா ரெயின் பாதை முதல். தங்கச்சியின்ட கதையில இருந்து நான் பின்வாங்கல்ல. திமிலைதீவில இருந்து சென்னை எண்ட ஆசையையும் நான் விடல்ல, ரெண்டாவதா வைக்கிறன்.

அறுபது டொலரில, வீட்டு வேலைக்கெண்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில பதிஞ்சு போறவங்களிட்ட அந்த இருபதை எடுக்கக் கூடாது. சுற்றுலாவுக்குப் போறவங்க இல்ல அவங்க. மிச்ச நாப்பதும் எங்க போகுது எண்டு ரிக்கெட் வாங்கக்குள்ளயே தமிழில, சிங்களத்தில எழுதிக் காட்ட வேணும்.

11 மே

பொத்துவில் காக்கா ஒரு வழி சொன்னார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில ஆரும் கேக்கலாம், தமிழிலேயே கேக்கலாம். பதினாலு வேலை நாளுக்குள்ள முடிவு சொல்ல வேணும். மருமகன் எழுதினான், நான் கையெழுத்துப் போட்டன். மூண்டு கேள்வி: போன மூண்டு வருசத்தில புறப்படும் வரியா வந்த மொத்தம் எவ்வளவு? அதில சுற்றுலா நிதியத்துக்கும் திறைசேரிக்கும் விமான நிலையத்துக்கும் போனது தனித்தனியா எவ்வளவு? வெளிநாட்டு வேலைக்கெண்டு பதிஞ்சு போனவங்களிட்ட இருந்து வந்தது எவ்வளவு?

நேற்று மட்டக்களப்புப் பெரிய தபால் கந்தோரில பதிவுத் தபாலில போட்டன். துண்டை வேனின்ட வெயில் மறைப்பில சொருகி வச்சிருக்கிறன். பதில் வந்த உடன இங்க அப்பிடியே எழுதுறன்.

வெள்ளி ராத்திரி ஓட்டமாவடியில ரெண்டு பேர், கிரானில ஒருத்தர். பத்து மணிக்கு வெளிக்கிடுறன். இடமிருக்கு, வேலூர் போற ஆக்கள் ஆரும் இருந்தா சொல்லுங்க, முன் சீற்றைச் சாய்ச்சு விடலாம்.